‘மாட்டேன்’ என்று சொல்ல ஒரு கட்டம்

2012 ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடையிலிருந்து ஒரு செயலி காணாமல் போனது. அதன் பெயர் ‘ஸ்பீக் ஃபார் யுவர்செல்ஃப்’. பேச்சுப் பயிற்சியாளர்கள் இருவர் சேர்ந்து உருவாக்கியது. ஐபேட் திரையில் உள்ள படக் கட்டத்தை விரலால் தொட்டால் கருவி அந்தச் சொல்லை உரக்கச் சொல்லும். அடுத்தடுத்துத் தொட்டால் வாக்கியம் பிறக்கும். பேச்சுக் கருவிகளை நெடுங்காலமாகச் செய்துவந்த பிரென்ட்கி ரோமிக் நிறுவனமும் அதன் கூட்டாளி நிறுவனமும் தங்கள் காப்புரிமை மீறப்பட்டதாக வழக்குத் தொடுத்திருந்தன. தீர்ப்பு வருவதற்கு முன்பே ஆப்பிள் அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. அந்தச் செயலியால் பேசத் தொடங்கியிருந்த நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் தாய் பதறிப்போனார். மகளின் கையிலிருந்த செயலி அப்போதைக்கு வேலை செய்தது. அடுத்த மென்பொருள் புதுப்பிப்பில் நின்றுபோனால் என்ன செய்வது? அவர் எழுதியதைப் பலர் படித்தார்கள், செய்தி பரவியது. சில மாதங்களில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன, செயலி திரும்பியது.

அந்தப் பதற்றத்தைப் புரிந்துகொண்டால்தான் சிறப்புக் குழந்தைகளின் கல்வியில் டேப்லெட்டுக்கு என்ன வேலை என்பது விளங்கும். பள்ளிக்கு டேப்லெட் என்றதும் நம் பேச்சு பாடக் காணொளிக்கும் கணக்கு விளையாட்டுக்கும் போய்விடுகிறது. டேப்லெட் பார்வையற்ற மாணவருக்குத் திரையை வாசித்துச் சொல்கிறது, எழுத்துக் கூட்டச் சிரமப்படுபவருக்கு உரையைப் படித்துக் காட்டுகிறது, மங்கிய பார்வைக்கு எழுத்தைப் பெரிதாக்குகிறது. எல்லாம் பெரிய உதவிகள்தான். ஆனால் வாய்ப்பேச்சே வராத ஒரு குழந்தைக்குப் பாடத்துக்கு முந்திய தேவை ஒன்று இருக்கிறது. மூளை முடக்குவாதத்தால் நாக்கும் உதடும் சொன்னபடி கேட்காத பிள்ளை, ஆட்டிசத்தால் சொல் எழாத பிள்ளை, இவர்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். மனத்தில் என்ன ஓடுகிறது என்று அவர்களைக் கேட்க வழியில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைகளைப் பற்றியது.

பேச்சுக்குப் பதிலாக வேறொரு வழி என்ற எண்ணம் டேப்லெட்டோடு பிறக்கவில்லை. 1960இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் ரெக் மேலிங் ‘பாஸம்’ என்ற கருவியை உருவாக்கினார். கைகால் அசையாத நோயாளிகள் ஒரு குழாயில் ஊதியும் உறிஞ்சியும் மணியடிக்கலாம், தட்டச்சுப் பொறியை இயக்கலாம். 1971இல் கனடாவின் டொரன்டோவில் ஷெர்லி மெக்நாட்டனும் அவருடன் இருந்த ஆசிரியர்களும் மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்குக் குறியீடுகள் தேடினார்கள். அவர்களுக்குக் கிடைத்தவை சார்லஸ் பிளிஸ் வரைந்த சின்னங்கள். பிளிஸ் ஆஸ்திரியாவைச் சேர்ந்த வேதிப் பொறியாளர். நாஜி வதைமுகாம்களில் அடைபட்டு, விடுபட்டு, ஷாங்காயில் அடைக்கலம் புகுந்தவர். அங்கே கடைப்பலகைகளில் பார்த்த சீன எழுத்துகள் அவரை யோசிக்க வைத்தன. மனிதர்கள் மொழியால் ஒருவரையொருவர் ஏமாற்றாதிருக்க உலகத்துக்கே ஒரு பட எழுத்து வேண்டும் என்று எண்ணி, 1949இல் அதைப் புத்தகமாக்கினார். உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. பேச முடியாத குழந்தைகள் எடுத்துக்கொண்டார்கள்.

அதன்பின் வந்த மின்னணுப் பேச்சுக் கருவிகள் நன்றாகவே வேலை செய்தன. விலைதான் பல ஆயிரம் டாலர். காப்பீடோ அரசோ தாங்கினால் உண்டு. இந்தியப் பெற்றோருக்கு அது எட்டாக்கனி. 2009இல் ஆம்ஸ்டர்டாமின் அசிஸ்டிவ்வேர் நிறுவனம் ‘புரொலோக்கோ2கோ’ என்ற செயலியை 200 டாலருக்கும் குறைவாக வெளியிட்டது. அப்போது அது கைபேசித் திரைக்குள் அடங்கியிருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஐபேட் வந்ததும் கட்டங்கள் விரலுக்கேற்ற அளவுக்கு விரிந்தன.

விலை மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. சுட்டெலியைப் பிடித்துக் கணினி பழகிய நாளை நினைத்துப் பாருங்கள். கை மேசைமேல் நகர்கிறது, அம்பு திரையில் நகர்கிறது. இரண்டையும் மனத்தில் முடிச்சுப் போட வேண்டும். நமக்கு அரை மணி நேரத்தில் கைவந்தது பல குழந்தைகளுக்கு மாதக்கணக்கில் பிடிபடவில்லை. தொடுதிரையில் அந்த முடிச்சு தேவையில்லை. தண்ணீர்ப் படத்தின்மேல் விரல் பட்டால் ‘தண்ணீர்’ என்று சத்தம் வருகிறது. விரலே நிலைகொள்ளாத பிள்ளைக்கு வேறு வழி உண்டு. திரையில் ஒவ்வொரு வரிசையாக ஒளிரும். வேண்டிய வரிசை வரும்போது தலையாலோ முழங்காலாலோ ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பிறகு அந்த வரிசைக்குள் ஒவ்வொரு கட்டமாக ஒளிரும். 2013 முதல் ஐபேடின் இயங்குதளத்திலேயே இந்த வசதி இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. பழைய பேச்சுக் கருவி பார்த்த மாத்திரத்தில் ‘நோயாளியின் இயந்திரம்’ என்று சொல்லும். டேப்லெட் அப்படிச் சொல்லாது. பக்கத்து பெஞ்சுப் பையன் அதைத் தானும் தொட்டுப் பார்க்க ஆசைப்படுவான். பதினோரு வயதில் இது சிறிய விஷயமா?

இந்தக் கதையில் சென்னைக்கு ஓர் உரிய இடம் இருக்கிறது. 1985இல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யாசாகர், மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்காகப் பல்லாண்டுகளாகத் தொடர்புப் பலகைகளைப் பயன்படுத்திவந்த நிறுவனம். படங்களும் சொற்களும் ஒட்டிய அட்டை. குழந்தை விரலாலோ கண்ணாலோ சுட்டிக்காட்டும், எதிரில் இருப்பவர் வாசிப்பார். சென்னை ஐஐடியில் படித்த பொறியாளர் அஜித் நாராயணன், இப்படிப்பட்ட குழந்தைகளுடனும் ஆசிரியர்களுடனும் உட்கார்ந்து ‘அவாஸ்’ என்ற பேச்சுக் கருவியை உருவாக்கினார். இந்தியில் அதற்குக் குரல் என்று பொருள். முதலில் அது தனிப் பெட்டியாக இருந்தது. 2011இல் எம்ஐடியின் ‘டெக்னாலஜி ரிவ்யூ’ இதழ் வெளியிட்ட 35 இளம் கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. 2012இல் அவாஸ் ஐபேட் செயலியானது. பெட்டியைத் தயாரிக்கும் சுமை நீங்கியது. பிற நாடுகளின் குழந்தைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. தமிழும் அதில் வந்தது.

தமிழ் வந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டேன். உண்மையில் அதுதான் கடினமான பகுதி.

ஆங்கிலப் பேச்சுச் செயலிகளில் இடப்பக்கம் நான், நீ போன்ற சொற்கள், அடுத்து வினைகள், வலப்பக்கம் பொருள்களின் பெயர்கள் என்று கட்டங்களை அடுக்குவது வழக்கம். ஆங்கில வாக்கியம் அந்த வரிசையில் போவதால் விரலும் இடமிருந்து வலமாகப் போனால் போதும். தமிழில் வினை கடைசியில் வருகிறது. அடுக்கை அப்படியே மொழிபெயர்த்தால் விரல் வலக்கோடி வரை போய்விட்டு நடுவுக்குத் திரும்பி வர வேண்டும். கை நடுங்கும் குழந்தைக்கு அந்த ஒவ்வொரு பயணமும் உழைப்பு.

வரிசையாவது மாற்றிவிடக்கூடியது. வேற்றுமை உருபை என்ன செய்வது? ‘நான்’, ‘தண்ணீர்’, ‘வேணும்’ என்று மூன்று கட்டங்களை ஒரு குழந்தை தொட்டால் கருவி “நான் தண்ணீர் வேணும்” என்கிறது. தமிழில் தாகம் எடுக்கிற ஆள் நான் இல்லை, எனக்கு. எனக்குப் பசிக்குது, எனக்குப் பிடிக்கும், எனக்குத் தெரியும், எனக்கு வலிக்குது. ஒரு குழந்தை முதலில் சொல்லத் துடிக்கிற அத்தனையும் நான்காம் வேற்றுமையில் இருக்கின்றன. ஆகவே ‘நான்’ கட்டத்துக்கு அருகிலேயே, அதே அளவில், ‘எனக்கு’ கட்டமும் வேண்டும். அல்லது வினையைப் பார்த்துக் கருவியே மாற்றிக்கொள்ள வேண்டும்.

எதிர்மறைக்கு வாருங்கள். ஆங்கிலச் செயலியில் ‘இல்லை’ என்பதற்கு ஒரு கட்டமும் வினையை மறுக்க ஒரு சிறு சொல்லும் இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். தமிழில் வேண்டாம், இல்லை, மாட்டேன், முடியாது, தெரியாது, பிடிக்காது, கூடாது என்று ஏழெட்டு வாசல்கள். இவற்றுள் இரண்டைப் பற்றி எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்ணைப் பார்த்து “அந்தப் பக்கம் திரும்பும்மா” என்று ஒருவர் சொல்கிறார். அவள் திரும்பவில்லை. முடியவில்லையா, மாட்டேன் என்கிறாளா? அவள் வாழ்நாள் முழுக்கச் சுற்றியிருப்பவர்கள் ‘பாவம், முடியாது’ என்றே எடுத்துக்கொண்டிருப்பார்கள். முடியாது என்பது உடம்பைப் பற்றிய செய்தி. மாட்டேன் என்பது அவளுடைய முடிவு. ‘முடியாது’ கட்டம் மட்டும் இருந்து ‘மாட்டேன்’ கட்டம் இல்லாத திரையில், அவளுக்கென்று ஒரு விருப்பம் இருப்பதையே யாரும் அறிய வழியில்லை.

இரட்டை வழக்கும் குறுக்கே நிற்கிறது. தமிழைப் படித்துக்காட்டும் செயற்கைக் குரல்கள் இன்று சாதாரணக் கைபேசியிலேயே இருக்கின்றன. ஆனால் அவை எழுத்துத் தமிழை நம்பி வளர்ந்தவை. “எனக்குத் தோசை வேண்டும்” என்று செய்தி வாசிப்பவர் குரலில் ஏழு வயதுப் பையன் கேட்டால் வீடு சிரிக்கும், அவன் மறுபடி கேட்கத் தயங்குவான். கட்டத்தில் ‘வேணும்’ என்றே எழுதிவைக்கலாம். ஆனால் ‘அவன்’, ‘வந்தேன்’ போன்ற சொற்களின் கடைசி னகரத்தை நாம் மூக்கொலியாகக் கரைத்துவிடுகிறோம். கருவி எழுத்தெழுத்தாக உச்சரிக்கிறது. அம்மாவை ‘வா’ என்பதா ‘வாங்க’ என்பதா என்பதுகூட வீட்டுக்கு வீடு மாறும். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே படத்துக்குக் கீழே ஒரே சொல்லை எழுத முடியாது. வீட்டில் என்ன சொல்கிறார்களோ அதை வீட்டார் குரலிலேயே பதிந்துவைப்பது பல நேரங்களில் செயற்கைக் குரலைவிட நல்ல வழி.

இலக்கணத்தை வேறு பக்கமிருந்து அணுகியதும் அஜித் நாராயணன்தான். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குப் படம் பிடிபடுகிறது, படங்களைக் கோக்கும் இலக்கணம் பிடிபடுவதில்லை என்பதை அவர் கவனித்தார். 2013இல் ஒரு டெட் மேடையில் அவர் விளக்கிய ‘ஃப்ரீஸ்பீச்’ முறையில் நடுவில் ஒரு வினைப் படம் இருக்கும். சாப்பிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து கேள்விகள் கிளைக்கும்: யார், எதை, எப்போது. குழந்தை ஒவ்வொரு கிளையிலும் ஒரு படத்தை வைக்கும், மென்பொருள் அதை வாக்கியமாக்கும். நம் தமிழாசிரியர்கள் எழுவாயையும் செயப்படுபொருளையும் கற்றுக்கொடுத்தது இதே வழியில்தானே? வினையைப் பிடித்துக்கொண்டு யார், எதை, யாருக்கு என்று கேட்கச் சொன்னார்கள். வேற்றுமை உருபு ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு விடை. இந்த வழியில் தமிழுக்கென்றே ஒரு பேச்சுச் செயலி வளர முடியும் என்று நான் நம்புகிறேன்.

சொற்களைத் தேர்வதிலும் ஒரு பிழை தொடர்ந்து நடக்கிறது. நம் வகுப்பறைச் சுவர்களில் பழங்கள், விலங்குகள், வாகனங்கள் என்று படங்கள் தொங்குகின்றன. அதே அட்டைகள் அப்படியே டேப்லெட்டுக்குள் ஏறிவிடுகின்றன. அன்றாடப் பேச்சை ஆராய்ந்தவர்கள் மீண்டும் மீண்டும் கண்டது வேறு: சில நூறு சொற்களே நம் பேச்சில் சுமார் 80 விழுக்காட்டை நிரப்புகின்றன. இன்னும், போதும், அது, இங்கே, வா, போ, குடு, ஏன், அப்புறம், பிடிக்கல. இவற்றில் பெயர்ச்சொற்கள் குறைவு. நாற்பது பழங்களின் பெயர் தெரிந்த குழந்தையால் எதையும் சொல்லிவிட முடியாது. ‘இன்னும்’ என்ற ஒரு கட்டம் ஊஞ்சலுக்கும் பொருந்தும், கதைக்கும் பொருந்தும், சாம்பாருக்கும் பொருந்தும். வைத்த கட்டத்தை இடம் மாற்றாமலிருப்பதும் முக்கியம். தட்டச்சுப் பழகிய விரல் எழுத்தைப் பார்த்தா தேடுகிறது? ஒவ்வொரு வாரமும் அழகுக்காகக் கட்டங்களை மாற்றி அடுக்கும் ஆசிரியர், குழந்தையின் விரலில் ஊறிய நினைவை அழித்துவிடுகிறார்.

டேப்லெட் கொடுத்தால் பிள்ளைக்கு வரவிருக்கும் பேச்சும் நின்றுவிடுமே என்பது பெற்றோரின் நியாயமான பயம். இதற்கு ஆய்வுகள் தெளிவாகவே பதில் சொல்கின்றன. மில்லர், லைட், ஷ்லோசர் மூவரும் 2006இல் முந்தைய ஆய்வுகளைச் சலித்து, நம்பத்தகுந்த முறையில் ஆராயப்பட்ட 27 பேரின் விவரங்களை எடுத்தார்கள். மாற்றுவழித் தொடர்பு தொடங்கியபின் அவர்களில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. 89 விழுக்காட்டினருக்குக் கூடியிருந்தது, பெரும்பாலும் கொஞ்சமாக. 2014இல் கோனி காசாரி குழுவினர், மிகச் சில சொற்களே பேசிய, ஆட்டிசம் உள்ள 61 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். எல்லாருக்கும் ஒரே வகைப் பயிற்சி. பாதிப் பேருக்கு மட்டும் தொடக்கத்திலிருந்தே பேச்சுக் கருவியும் உண்டு. தாமாக முன்வந்து பேசுவதில் கருவி பெற்ற குழந்தைகள் முந்தினார்கள். வயது ஐந்து முதல் எட்டு. ‘காலம் கடந்துவிட்டது’ என்று பல குடும்பங்களுக்குச் சொல்லப்படும் வயது அது.

ஆனால் அந்த ஆய்வில் கருவியைத் தொட்டவர்கள் குழந்தைகள் மட்டுமல்லர். பயிற்சி தந்த பெரியவர்களும் பேசும்போது அதே கட்டங்களைத் தொட்டார்கள். நம் ஊரில் அதிகம் விடுபட்டுப்போவது இதுதான். பேச்சுப் பயிற்சியாளர் ஜேன் கோர்ஸ்டன் போட்ட ஒரு கணக்கு இத்துறையில் பலருக்கும் தெரியும். நாளுக்கு எட்டு மணி நேரம் பேச்சைக் கேட்டால் ஒன்றரை வயதுக்குள் ஒரு குழந்தை 4,380 மணி நேரம் கேட்டிருக்கும். அதற்குப் பிறகும் அது ஒன்றிரண்டு சொற்களைத்தான் சொல்கிறது, நாமும் பூரிக்கிறோம். படக்கட்ட மொழியைக் கற்கும் குழந்தை வாரத்துக்கு இரண்டு முறை, அரை மணி நேரம், பயிற்சி அறையில் மட்டும் அந்த மொழியைப் பார்த்தால், அதே அளவை எட்ட 84 ஆண்டுகள் ஆகும். ஆகவே அம்மா “போகலாமா” என்று கேட்கும்போது தானும் ‘போ’ கட்டத்தைத் தொட வேண்டும். ஆயாவும், ஆட்டோ ஓட்டுபவரும், தம்பியும் தொட வேண்டும். டேப்லெட் வாங்கித் தருவதற்கு ஒரு நாள் போதும். இதற்கு ஒரு குடும்பமே இன்னொரு மொழி கற்க வேண்டும்.

வகுப்பில் பொறுமை வேண்டும். நாம் நிமிடத்துக்கு நூற்றைம்பது சொற்கள் பேசுகிறோம். படக்கட்டத்தால் பேசுபவர் பதினைந்தைத் தாண்டுவது அரிது. ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு மூன்று நொடியில் அடுத்த பிள்ளைக்குப் போனால், இந்தப் பிள்ளையின் விரல் இரண்டாவது கட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

குறும்பு செய்தால் டேப்லெட்டைப் பிடுங்கி வைக்கும் வழக்கத்தைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பேசும் பிள்ளை தவறு செய்தால் நாம் வாயைக் கட்டிவைப்பதில்லை. கார்ட்டூனும் குரலும் ஒரே கருவியில் இருப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. கருவியை ஒரே செயலிக்குள் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது. முடிந்தால் குரலுக்கென்று தனிக் கருவி, விலை குறைந்த ஆண்ட்ராய்டாக இருந்தாலும், வைத்துவிடலாம். ஸ்பெயினின் அரகோன் மாகாண அரசு ஆயிரக்கணக்கான படக்குறியீடுகளை ‘அராசாக்’ என்ற பெயரில் இலவசமாகத் தருகிறது; யுனிசெஃப் ஆதரவில் வளர்ந்த ‘சிபோர்ட்’ செயலியும் இலவசம்.

அதைவிடக் கனமான விஷயம், சொல்லக்கூடாத சொற்கள். உடலுறுப்புகளின் பெயர்களையும், ‘தொடாதே’, ‘வலிக்குது’, ‘எனக்கு அவரைப் பிடிக்கல’, ‘அம்மாகிட்ட சொல்லணும்’ போன்றவற்றையும் கட்டங்களில் வைக்கப் பெரியவர்கள் கூசுகிறார்கள். ஊனமுள்ள குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக வன்முறைக்கு ஆளாகிறார்கள். சொல்ல முடியாத குழந்தை என்று தெரிந்துதான் ஒருவன் அந்தக் குழந்தையைத் தேர்ந்தெடுக்கிறான். அந்தக் கட்டங்கள் இல்லாத திரையை நான் முழுமையானதாக ஏற்க மாட்டேன்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு: குழந்தையின் பெயரால் பெரியவர் பேசிவிடுவது. ஆஸ்திரேலியாவில் 1970களில் ரோஸ்மேரி கிராஸ்லி தொடங்கி, 1990களின் முதலாண்டுகளில் அமெரிக்காவில் பரவிய ஒரு முறையில், உதவியாளர் கையைப் பிடித்துக்கொள்ள, பேசாத குழந்தைகள் நீண்ட வாக்கியங்களைத் தட்டச்சுச் செய்தார்கள். பெற்றோர் அழுது மகிழ்ந்தார்கள். பிறகு எளிய சோதனை ஒன்று நடந்தது. குழந்தைக்கு ஒரு படம், உதவியாளருக்கு வேறு படம் காட்டப்பட்டன. ஒருவர் பார்த்தது மற்றவருக்குத் தெரியாது. தட்டச்சில் வந்தது உதவியாளர் பார்த்த படம். உதவியாளர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. தங்கள் கைதான் நகர்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. 1994இல் அமெரிக்க உளவியல் சங்கம் அந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தீர்மானம் போட்டது. இன்றும் அது டேப்லெட்டோடும் எழுத்துப் பலகையோடும் வேறு பெயர்களில் தலைகாட்டுகிறது. கருவி தாங்கியில் அசையாமல் நிற்கிறதா, குழந்தையின் கையை யாரும் தொடாமலிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். மெதுவாக, பிழையாக, இரண்டே சொல்லாக வந்தாலும் அது குழந்தையின் சொல்லாக இருக்கட்டும்.

குரலும் அப்படியே. பேச்சு விஞ்ஞானி ரூபல் பட்டேல் 2002இல் டென்மார்க்கில் ஒரு மாநாட்டு அரங்கில் கண்ட காட்சியைச் சொல்லியிருக்கிறார்: ஒரு சிறுமியும் ஐம்பது தாண்டிய ஆண் ஒருவரும் தத்தம் கருவிகளால் உரையாடிக்கொண்டிருந்தார்கள், இருவர் கருவிகளிலிருந்தும் வந்தது ஒரே ஆண் குரல். பிற்காலத்தில் ஒவ்வொருவருக்கும் தனிக் குரல் செய்யும் முயற்சியில் அவர் இறங்கியதற்கு அதுவே தூண்டுதல். ஸ்டீபன் ஹாக்கிங் நல்ல குரல்கள் வந்தபின்னும் தம் பழைய அமெரிக்கச் சாயல் குரலை விடவில்லை; அது அவருடைய குரலாகிவிட்டது.

நம் சட்டம் இதில் பின்தங்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ‘தொடர்பு’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே மாற்றுவழி முறைகளும் சேர்கின்றன. பேச்சுக் குறைபாடு உள்ளவர்களின் அன்றாடத் தேவைக்கு அவற்றை ஊக்குவிக்க வேண்டும் என்று 17ஆவது பிரிவு அரசுகளைப் பணிக்கிறது. அந்த வரி ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் வகுப்புக்கு வந்துசேர, அங்கே போகும் சிறப்பாசிரியருக்கு நேரமும் பயிற்சியும் வேண்டும்.

அப்படியே எல்லாம் கிடைத்தாலும் மின்சாரம் போகும், மின்கலம் தீரும், மழையில் நனையக்கூடாது, குளியலறைக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆகவே அனுபவமுள்ள ஆசிரியர்கள் டேப்லெட் திரையை அப்படியே அச்செடுத்து, லேமினேட் செய்து, கயிறு கட்டிப் பையில் மாட்டிவிடுகிறார்கள். கட்டங்கள் அதே இடத்தில், அதே நிறத்தில். அவர்களில் கவனமானவர்கள் கடைசி வரிசையில் ஒரு கட்டம் சேர்ப்பார்கள். அதை வரைய எந்தப் படமும் சரிவராது; ஒரு கேள்விக்குறியோ வெற்றுச் சதுரமோ போடுவார்கள். அதன் கீழே இப்படி எழுதியிருக்கும்: “நான் சொல்ல வந்தது இதுல இல்ல.”